இங்கே பொருந்தாது

ஜூன் 4
அலுவலகம்

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் உயிரோடும் ஓரளவு சிநேகத்தோடும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போன குளிரில் உன்னைப் பிடித்த இருமல் விட்டதா, இல்லை அங்கேயே குடித்தனம் பண்ணுகிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பதிப்பகம் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் பாகம் பாகமாகக் கொண்டுவருவது உனக்குத் தெரியும். ஏ, பி, சி மூன்றும் சேர்ந்த முதல் பாகம் போன வருஷமே வந்து, உனக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். இப்போது என் தலையில் எஸ் வரிசை விழுந்திருக்கிறது. ஆங்கிலச் சொற்களில் பாதி எஸ்ஸில்தான் பிறந்திருக்கும் போல.

எங்கள் பெரியவர், அதாவது தலைமைப் பதிப்பாசிரியர், ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் பொருள், அடுத்து வாழ்க்கையிலிருந்து எடுத்த உதாரணங்கள், கடைசியில் 'இங்கே பொருந்தாது' என்று ஒரு பத்தி. சொல்லைப் போடலாம் போலத் தோன்றும், ஆனால் போடக்கூடாது என்கிற இடத்தை அதில் காட்ட வேண்டும். "பொருளை எந்தக் கழுதையும் எழுதிரும்யா. எங்க போடக்கூடாதுன்னு சொல்றவன்தான் அகராதிக்காரன்" என்பது அவர் வாக்கு.

இன்று என் மேசையில் இருக்கும் சொல் ஸ்க்வாபிள். அற்ப விஷயத்துக்குச் சண்டை போடுவது. 'சச்சரவு' என்று எழுதினேன், கனம் கூடிவிட்டது. 'பிணக்கு' என்றேன், புலவர் வாடை அடித்தது. 'குழாயடிச் சண்டை' என்றால் கூட்டமும் குடமும் கூடவே வந்துவிடுகின்றன. 'ஊடல்' என்று எழுதிவிட்டு நானே வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.

வீட்டில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. உன் அண்ணி ஒரு காகிதத்தைக்கூடக் குப்பையில் போடமாட்டாள். மருந்துச் சீட்டு, சலவைக்கடைச் சீட்டு, எந்த ஊருக்கோ போன பஸ் டிக்கெட், எல்லாம் சமையலறை டிராயரில். டிராயர் மூடுவதே இல்லை. நேற்று, "இதுல என் பிறப்புச் சான்றிதழ்கூடக் கிடக்கும் போலிருக்கே" என்றேன். "கெடந்தா நல்லதுதானே. நீங்க பொறந்ததுக்கு வேற என்ன ஆதாரம் இருக்கு?" என்றாள். இதை அகராதியில் போட்டால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

நீ பகல்நேரக் காப்பகத்தில் வாண்டுகளோடு மல்லுக்கட்டுகிறவள். சின்னச் சண்டையில் உன்னைவிட அனுபவசாலி யார்? கொஞ்சம் உதாரணம் எழுதி அனுப்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்


ஜூன் 15

அகராதி அண்ணாவுக்கு,

அந்தப் பட்டத்தை உனக்கு அம்மா கொடுத்தபோது, அதுவே உன் பிழைப்பாகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

நலம். இருமல் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. அவரும் நலம். அலுவலகத்தில் உயர்வு வந்து, இப்போது ஒரு மாடி முழுக்க அவர் சொல்படி நடக்கிறது. வீட்டுக்கு வந்தால் அமைதி வேண்டும் அவருக்கு. அது நியாயம்தானே. போனிலேயே உனக்குப் பதில் சொல்லியிருக்கலாம். போன் கூடத்தில் இருக்கிறது, கடிதம்தான் வசதி.

நீ கேட்டது இதோ:

சிவப்பு வாளி யாருடையது என்று இரண்டு பேர் ஸ்க்வாபிள் செய்தார்கள். பக்கத்தில் அதே மாதிரி ஆறேழு வாளி சும்மா கிடந்தது.

டாக்டர் விளையாட்டில் யார் நோயாளி என்று ஸ்க்வாபிள். டாக்டராக இருக்க ஒருவருக்கும் விருப்பமில்லை, எல்லாருக்கும் படுக்க வேண்டும்.

யாருடைய நிழல் பெரியது என்று ஸ்க்வாபிள். வெயில் போனதும் சண்டையும் போய்விட்டது.

உனக்கு உதவுமோ என்னவோ, எங்கள் காப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. மூத்த டீச்சர் போட்டது. இன்னொருவர் பொருளை எடுத்துவிட்டால், எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை. போகக்கூடாது, அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட சண்டையும் இரண்டு நிமிஷம் தாங்காது. எடுத்தவனுக்கே போரடித்துவிடும்.

அண்ணியிடம் டிராயரில் இடமில்லை என்றால் உன் மண்டையில் போட்டுவைக்கச் சொல். அங்கே காலியாகத்தான் இருக்கும்.

சோடாபுட்டி


ஜூன் 26
அலுவலகம்

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம், உன் கடிதத்துக்குப் பிறகு இன்னும் நலம். நிழல் சண்டையைப் படித்துப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது இல்லை. பல் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. வாளியும் நிழலும் அகராதிக்குள் போய்விட்டன.

ஆனால் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். "பெரியவங்க சண்டையும் வேணும்யா. இல்லேன்னா பசங்க இது அவங்களுக்கு மட்டும் உள்ள வியாதின்னு நெனச்சிருவாங்க" என்கிறார். ஆகவே வளர்ந்தவர்கள் போடும் அற்பச் சண்டை இரண்டு மூன்று வேண்டும். உங்கள் கட்டடத்தில் இல்லாததா?

'இங்கே பொருந்தாது' பத்திக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லைச் சண்டை, கோர்ட்டு வழக்கு என்று எழுதிப் பார்த்தேன். அவையெல்லாம் பெரிய சண்டை என்று குருடனுக்கும் தெரியும். பார்த்தால் அற்பமாகத் தெரிய வேண்டும், ஆனால் அற்பமாக இருக்கக்கூடாது. அப்படி ஒன்று மாட்டினால் சொல்.

இதை எழுதும்போது நினைவு வந்தது. சின்ன வயதில் உன் கண்ணாடியை நான் பூத்தொட்டிக்குள் ஒளித்துவைத்தேனே, அதுதான் அசல் ஸ்க்வாபிள். நீ ஒரு குத்துமதிப்பில் பாய்ந்து என் முழங்கையைக் கடித்தாய். தழும்பு இன்னும் இருக்கிறது. அண்ணியிடம் நாய் கடித்தது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. காப்பகத்துக்கும் கொஞ்ச நாள் லீவு போட்டிருந்தேன்.

பெரியவர்கள் சண்டை:

படிக்கட்டில் செருப்பு விடுவது பற்றிக் கீழ்வீட்டார் இருவர் ஸ்க்வாபிள் செய்தார்கள். இப்போது இரண்டு பேரும் செருப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெறுங்காலில் வந்து சண்டை போடுகிறார்கள்.

லிஃப்டில் யார் பொத்தானை அழுத்துவது என்று ஒரு அப்பாவும் மகனும் ஸ்க்வாபிள். மகன் கல்லூரிக்குப் போகிறவன்.

ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு கணவனும் மனைவியும் ஸ்க்வாபிள். கணவன் மனைவியின் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான்.

கடைசியில் உள்ளது எங்கள் மாடி வீட்டு ஆட்கள். அந்தப் பெண்ணுக்கும் என்னைப் போலவே பவர் அதிகம். ஜன்னல் என்று இல்லை, உப்பு, துண்டு, யாரிடம் எவ்வளவு நேரம் பேசினாய் என்று எதற்கும் வரும். கண்ணாடி சாயங்காலம் திரும்பி வந்துவிடும், சில சமயம் நாலைந்து நாள் கழித்து. அவன் கை நீட்டுகிறவன் இல்லை, குரல்கூட உயர்த்த மாட்டான். இதற்கு அந்தச் சொல் பொருந்தும்தானே? நீ அகராதிக்காரன், நீ சொன்னால் சரி.

இனிமேல் கடிதத்தைக் காப்பகத்து முகவரிக்கே அனுப்பு. வீட்டுத் தபால்பெட்டி பூட்டு சரியில்லை.

தங்கை


ஜூலை 31
அலுவலகம்

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் எழுத்துக்குத்தான் என்ன உடம்பு என்று தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தும் வண்டு சைசுக்கு இருக்கிறது, வரிகள் மேற்கே கிளம்பித் தெற்கே போய்ச் சேருகின்றன. அண்ணி, "பஸ்ல ஒக்காந்து எழுதுனாளா?" என்று கேட்கிறாள். குழந்தைகளோடு பழகி உனக்கும் கையெழுத்து மறந்துவிட்டது போல.

செருப்பும் லிஃப்டும் அபாரம். ஆனால் கண்ணாடி உதாரணம் சரியில்லை. அடித்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்க்வாபிள் என்றால் இரண்டு பேரும் கத்த வேண்டும், இரண்டு பேருக்கும் ஜெயிக்கக் கொஞ்சமாவது வழி இருக்க வேண்டும். நான் உன் கண்ணாடியை ஒளித்தேன், நீ கடித்தாய், நான் அலறினேன், அப்பா இருவருக்கும் ஆளுக்கொன்று வைத்தார். கணக்கு நேர். இங்கே ஜன்னல் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, அம்மா. அதற்குப் பிறகு நடப்பது சண்டையே இல்லை. ஒருவன் ஊரையெல்லாம் பார்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறான். ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். அவன் குரல் உயர்த்தவில்லை என்பது அவனுக்கு நற்சான்றா? அவனுக்குக் குரலே தேவைப்படவில்லை. உங்கள் காப்பகத்துச் சட்டப்படியே பார். எடுத்தவன் அறையைவிட்டுப் போய்விட்டான்.

ஆனால் நீ எனக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறாய். பார்த்தால் அற்பம், உள்ளே அற்பமில்லை. நான் தேடிய 'இங்கே பொருந்தாது' இதுதான். சுருக்கி எழுதிவிட்டேன்: 'ஜன்னல் சண்டைக்குப் பின் கணவன், மனைவியின் கண்ணாடியை எடுத்துச் சென்றான். இங்கே ஸ்க்வாபிள் பொருந்தாது.' எது பொருந்தும் என்று பத்தி முடிவில் வேறொரு சொல்லைக் காட்ட வேண்டும், அது பெரியவர் சட்டம். மெதுவாக யோசித்துக்கொள்ளலாம்.

அந்த மாடி வீட்டுப் பெண் பாவம். அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையா?

அண்ணன்


ஆகஸ்ட் 22

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பிய கடிதம் வந்தது. தங்கள் தங்கைக்குக் கண்ணில் சற்று அசதி. எழுதப் படிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எனவே கடிதத்தை நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். மிகச் சுவையாக எழுதுகிறீர்கள். இருவரும் ரசித்தோம்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே கற்பனை அதிகம் என்பது தாங்கள் அறியாததல்ல. எந்த வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும். தங்கள் அகராதிச் சொல்லே இதற்குப் போதும். ஸ்க்வாபிள், அவ்வளவே. ஆகவே இனி அகராதி வேலை எதையும் கொடுத்து அவளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 28
வீடு

கண்ணம்மா,

இந்தக் கவரில் காப்பகத்து முகவரி எழுதி, உன் அண்ணி தன் கையாலேயே தபாலில் சேர்க்கப்போகிறாள். போன கடிதத்தை ஆபீஸ் பையன் அச்சடித்த முகவரிச் சீட்டை ஒட்டி உன் வீட்டுக்கே அனுப்பிவிட்டான். நீ முகவரி மாற்றச் சொன்னதை அவனிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் உதாரணத்தைச் சீவிச் செதுக்குவதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை கடிதம் வந்தது. சாப்பிடும்போது அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கண் அசதியாம், பாவம், ஏதோ மாடி வீட்டுக் கதையை இவர் தன் வீட்டுக் கதை என்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்றேன். அவள் கை அப்படியே நின்றது. "எந்த மாடி வீடு? அவ வீடுதாங்க கடைசி மாடி. அதுக்கு மேல தண்ணித் தொட்டிதான் இருக்கு. நாம போயிருந்தப்ப துணி காயப்போட ஏறுனேனே" என்றாள்.

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். உன் ஜூலைக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வண்டு எழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதை நான் கிண்டல் செய்தேன். மூக்கு காகிதத்தில் இடிக்க இடிக்க நீ எழுதியிருக்கிறாய், நான் பஸ்ஸில் எழுதினாயா என்று கேட்டிருக்கிறேன். 'அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையா' என்று வேறு கேட்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இதோடு ஒரு சின்னப் பார்சல். நாங்கள் அங்கே வந்திருந்தபோது அண்ணி உன்னோடு கண் டாக்டரிடம் வந்தாள் அல்லவா? உன் பவர் எழுதிய சீட்டு அவள் கைப்பையோடு இங்கே வந்து, எந்தக் காலத்திலிருந்தோ டிராயரில் கிடந்திருக்கிறது. அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கடைக்காரர் இரண்டு நாளில் செய்து கொடுத்துவிட்டார். போட்டுப் பார். பவர் கொஞ்சம் மாறியிருந்தாலும் சுவரைத் தடவ வேண்டியிருக்காது.

சனிக்கிழமை நான் புறப்பட்டு வரட்டுமா? காப்பக வாசலில் நிற்கிறேன். நீ 'வா' என்று ஒரு எழுத்து எழுதினால் போதும், வண்டு சைசில் எழுதினாலும் சரி.

அண்ணன்


செப்டம்பர் 10
மூத்த டீச்சர் வீடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வரவேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்திலேயே பெட்டியைத் தூக்கிவிடுவாய். இப்போது நான் மூத்த டீச்சர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் எழுத்தைப் பார், எறும்பு சைசுக்கு வந்துவிட்டது.

உன்னிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடி விழுந்திருந்தால் அடித்தார் என்று சொல்லியிருப்பேன். கண்ணாடியை எடுத்தார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லும்போதே எனக்கே சிரிப்பு வரும். இன்னொரு ஜோடி வாங்கலாம் என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கறதையே பத்திரமா வெச்சுக்கத் தெரியல, இன்னொண்ணா?" என்றார். நியாயம் என்றே எனக்குப் பட்டது, பார். ஒருநாள் கண்ணாடி இல்லாமலே காப்பகத்துக்குப் போய்விட்டேன். ஒரு குட்டிப்பெண், "டீச்சர், கண்ணாடி எங்க? யாரு எடுத்தா? அவங்க ரூமை விட்டுப் போகக்கூடாது!" என்று கத்தினாள். மறந்து வைத்துவிட்டேன் என்றேன். அதனால்தான் பிறகு லீவு போட ஆரம்பித்தேன்.

உன்னைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது அப்படித்தான். தங்கையாகக் கேட்டால் நீ பதறுவாய், அல்லது பொறுத்துப் போ என்பாய். அகராதிக்காரனாகக் கேட்டால் உள்ளதைச் சொல்வாய். சொல்லிவிட்டாய்.

உன் பதிலை அவர்தான் படித்துக் காட்டினார். கண்ணாடி அவர் பையில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'அதற்குப் பிறகு நடப்பது சண்டையே இல்லை' என்று அவர் குரலிலேயே கேட்டேன். 'அவனுக்குக் குரலே தேவைப்படவில்லை' என்றும் அவரே சொன்னார். முடித்துவிட்டு, "ஒங்கண்ணனுக்கு வேலை இல்ல போல" என்றார். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. நான் அற்பத்துக்கு அழுகிறவள் இல்லை.

அப்படியும் உடனே கிளம்பவில்லை. பார்சலைக் காப்பக அலமாரியில்தான் வைத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, கோபக்காரர், பாவம், வேலைச்சுமை என்று எனக்குள்ளே வழக்கு நடந்துகொண்டே இருந்தது. போன வியாழக்கிழமைதான் அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை காலை துண்டு சரியாக மடிக்கவில்லை என்று ஆரம்பித்தது. என் முகத்திலிருந்து கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார், எப்போதும் மெதுவாகத்தான் கழற்றுவார். பையில் போட்டார். ஷூ மாட்ட உட்கார்ந்தார்.

நான் கைப்பையைத் திறந்து நீ அனுப்பியதைப் போட்டுக்கொண்டேன்.

அண்ணா, இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மங்கல்தான். அந்த மங்கலுக்குள் கோபம் இருக்கும், வருத்தம் இருக்கும், அவரும் தவித்துக்கொண்டிருப்பார் என்று நானாகவே நிரப்பிவைத்திருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, நல்ல காப்பி குடித்தவர் மாதிரி ஒரு சிரிப்பு.

நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அது போய்விட்டது. "யார் குடுத்தா?" என்றார். "எங்கண்ணன்" என்றேன். "கழட்டு" என்றார். "மாட்டேன்" என்றேன். அந்த வார்த்தைக்கு அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை போல. அவர் எழுந்து நிற்பதற்குள் நான் படியிறங்கிவிட்டேன். ஒவ்வொரு படியும் தெரிந்தது.

அண்ணிக்கு என் நமஸ்காரம். டிராயரைச் சுத்தம் செய்யச் சொல்லி இனி நீ வாயைத் திறந்தால் நான் அங்கே வந்து இன்னொரு முழங்கையைக் கடிப்பேன்.

தங்கை


செப்டம்பர் 19
அலுவலகம்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். அண்ணிக்குப் படித்துக்காட்ட ஆரம்பித்து, ஷூ நாடா வந்த இடத்தில் என்னால் முடியவில்லை. அவள் வாங்கித் தானே படித்துக்கொண்டாள். எனக்கு அந்த ஆள் மீது வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது எல்லார் கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தானே, எவ்வளவு தங்கமான பையன் என்று அம்மா சொன்னாள்.

அவன் எனக்கு இன்னும் இரண்டு கடிதம் போட்டான். குடும்ப மானம், சின்ன விஷயம், ஊதிப் பெரிதாக்குவது, இத்தியாதி. பதில் எழுதவில்லை. அவனோடு ஸ்க்வாபிள் செய்ய எனக்கு விருப்பமில்லை.

எஸ் வரிசை அச்சுக்குப் போகும் நேரம். உன் வாக்கியம் அதில் இருக்கிறது. எடுத்துவிடட்டுமா? பெரியவரிடம் காரணம் சொல்லாமல் கேட்டேன். "நல்ல வாக்கியமாச்சேய்யா" என்றார், ஆனாலும் நான் சொன்னால் எடுத்துவிடுவார். உன் வலியை ஊர்ப் பிள்ளைகள் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வைத்துக்கொள்வதானால் இன்னொரு சிக்கல். எது பொருந்தும் என்று ஒரு சொல் காட்ட வேண்டும். பத்து நாளாக யோசிக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணன்

இது அண்ணி. அவர் எழுதி முடிச்சு ஒட்டுறதுக்குள்ள வாங்கிட்டேன். வீட்ல மேல் ரூம் காலியாத்தான் இருக்கு. வரணும்னு இல்ல. இருக்குன்னு தெரிஞ்சா போதும். டிராயருக்கு அவரே புதுசா ஒரு கைப்பிடி போட்டுக் குடுத்துட்டாரு, இப்பவும் மூடல.


அக்டோபர் 5

அகராதி அண்ணாவுக்கு,

இது புது முகவரி. காப்பகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. காலையில் மிஷின் சத்தம் தரை வழியாக வரும். ஜன்னல் ஒன்று உண்டு. முதல் நாள் அதைத் திறந்துவைத்தேன், குளிர்ந்தது, நானே எழுந்து மூடினேன். பிறகு மறுபடி திறந்தேன். எனக்கும் எனக்கும்தான் அதில் தகராறு.

ராத்திரியில் சில சமயம் தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றும். எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொள்வேன். அந்த ஷூ நாடா நினைவுக்கு வரும், படுத்துவிடுவேன். வக்கீல் ஒருவரை மூத்த டீச்சர் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவரும் முதலில், "வேற ஒண்ணும் பண்ணலையா, கண்ணாடி மட்டும்தானா?" என்றுதான் கேட்டார். டீச்சர் கை நீட்டி அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையின் மறுபக்கம் வைத்துவிட்டு, "இப்ப எழுதுங்க சார்" என்றாள். எழுத ஆரம்பித்தார், கண்ணாடியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு.

அந்த வாக்கியத்தை எடுக்காதே. யாரோ ஒருத்தி என்னைப் போலவே, தன் வீட்டில் நடப்பது ஒன்றுமில்லாத விஷயம் என்று உறுதிப்படுத்திக்கொள்ள அந்தச் சொல்லைத் தேடி வருவாள். தேடுகிறவள் அந்தப் பக்கத்தில்தான் வந்து நிற்பாள், எனக்குத் தெரியும். அவளுக்கு அகராதிக்கார அண்ணன் இருக்க வேண்டும் என்று இல்லையே.

எது பொருந்தும் என்று நீ பத்து நாள் யோசித்ததாக எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் இல்லை, அண்ணா. என் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுத உனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். நானே சொல்கிறேன். க்ரூயல்டி என்று போடு. கொடுமை.

அது சி வரிசை இல்லையா? நீ அனுப்பிய முதல் பாகத்திலேயே இருந்திருக்கும். அந்தப் புத்தகம் எங்கள் கூடத்து அலமாரியில், போனுக்கு நேர் மேலே, இத்தனை நாளும் நின்றுகொண்டிருந்தது. நான்தான் எஸ்ஸில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடிதத்தின் தலையில் எழுத வேண்டியதை இந்த முறையும் எழுதாமல் விட்டுவிட்டேன், கவனித்தாயா? முன்பெல்லாம் அதைத்தான் முதலில் எழுதி வேலையை முடித்துவிடுவேன். இன்றைக்கு எழுதலாமா கூடாதா என்று கடைசிவரை யோசித்துவிட்டு, பொருந்தும் என்று பட்டதால் எழுதுகிறேன்.

நான் நலம்.

சோடாபுட்டி